கைமாறிய துப்பாக்கி

கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து, விடிகாலையில் மைதானத்தில் நின்று கவாத்து பழகியவர்களின் தோளுக்கு அந்தக் கனம் மறக்காது. நான்கு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. நீளம் ஏறக்குறைய மூன்றே முக்கால் அடி. குழலின் உள்விட்டம் அங்குலத்தில் 0.303. அதனால் போலீஸ்காரர் முதல் பள்ளிப் பையன் வரை எல்லோருக்கும் அது ‘த்ரீ நாட் த்ரீ’.

ஆவடியைச் சுற்றியிருக்கிற வெள்ளானூர், வீராபுரம், ஆலமாதி மாதிரியான ஊர்களில் துப்பாக்கி ஏந்திய மனிதர் யாருக்கும் அதிசயமில்லை. ராணுவத் தளவாடக் கிடங்கு, டாங்கித் தொழிற்சாலை, சீருடை தைக்கும் தொழிற்சாலை, சிறப்புக் காவல் படை, சி.ஆர்.பி.எஃப். முகாம் எல்லாம் கூப்பிடு தூரத்தில். ஆலமாதியில் விளையாட்டு வீரர்களுக்கான துப்பாக்கி சுடும் தளம் இருக்கிறது. ராணுவத்தில் ஓய்வு பெற்று வந்த பலர் வங்கி வாசலில் இரட்டைக் குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவர், கையில் முறையான லைசென்ஸோடு போய், தான் படையில் தூக்கிய பழைய த்ரீ நாட் த்ரீயையே விலைக்குக் கேட்டால் கிடைக்காது. சட்டம் விடாது. வங்காளத்துத் தொழிற்சாலையில் அடித்த அதே ராணுவத் துப்பாக்கியை அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகும் ஒருவர், பழைய பொருள் என்று மலிவாக வாங்கி, காரின் பின்பக்கம் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

இங்கே செய்தது இங்கே கிடைக்காமல் அங்கே கிடைத்தது எப்படி? ஒரு துப்பாக்கியின் வாழ்க்கையை, அதைச் செய்தவர்களைவிட, அது யார் கைக்குப் போய்விடுமோ என்று பயந்தவர்கள்தான் அதிகம் தீர்மானித்திருக்கிறார்கள். அந்தப் பயத்தின் வழியே போனால் சென்னையிலிருந்து மெக்சிகோ, ஆஸ்திரியா, கைபர் கணவாய், வட துருவம் வரை ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம்.

முதலில் கம்பெனி காலம். 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்திய கம்பெனி தன் சிப்பாய்களுக்கென்று ஒரு மஸ்கட் செய்ய வைத்தது. வியாபாரிகள் அல்லவா, சிக்கனம் பார்த்தார்கள். மன்னரின் படைக்கு 42 அங்குலக் குழல் என்றால் கம்பெனிக்கு 39 அங்குலம் போதும். அலங்காரம் குறைவு, செலவும் குறைவு. 1793இல் பிரான்ஸோடு போர் மூண்டபோது பிரிட்டிஷ் ராணுவத்துக்குத் துப்பாக்கி போதவில்லை. கம்பெனிக்காகச் செய்து வைத்திருந்ததை அரசு வாங்கிக்கொண்டது. 1797 வாக்கில் அந்த மலிவான ‘இந்தியா பேட்டர்ன்’ மாதிரியே மன்னர் படைக்கும் வழக்கமாகிவிட்டது. நெப்போலியனை வாட்டர்லூவில் எதிர்த்து நின்ற கைகளில் இருந்தது இந்தியாவுக்காகச் சிக்கனம் பிடித்த அந்த மஸ்கட்தான்.

அப்போதே சிப்பாயின் துப்பாக்கி வேட்டைத் துப்பாக்கியும் ஆகியிருந்தது. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டுத் தள்ள, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்களுக்கு உரம். வயிற்றில் அடிக்காதீர்கள் என்பதுதான் அவர்கள் வாதம். 1798இல் கலெக்டர் ஊருக்கு உரிமை எழுதிக் கொடுத்தார். இந்தியாவின் மிகப் பழைய பறவைக் காப்பிடங்களில் ஒன்று, படைத் துப்பாக்கியை வேட்டைக்குத் திருப்பியவர்களால் பிறந்தது.

நெப்போலியன் ஒழிந்ததும் லட்சக்கணக்கில் மஸ்கட்கள் மிச்சம். புதிதாக விடுதலை பெற்ற மெக்சிகோ 1820களில் அந்தப் பழைய பிரிட்டிஷ் சரக்கை வாங்கியது. 1836இல் டெக்சாஸின் அலமோ கோட்டையைச் சூழ்ந்த மெக்சிகோ வீரர்களின் கையில் இருந்தவை பெரும்பாலும் அந்த இந்தியா பேட்டர்ன் மஸ்கட்கள். ராணுவம் கழித்துப்போட்ட துப்பாக்கி கடல் தாண்டிப் போவது அன்றே நல்ல வியாபாரம்.

அடுத்த திருப்பம் 1857. என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் தடவிய கொழுப்பு பற்றிய கதை பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. பாடத்தில் வராதது, அதன் பின் நடந்த ஒரு சின்ன மாற்றம். என்ஃபீல்டின் குழலுக்குள் திருகுவரிகள் உண்டு. குண்டைச் சுழற்றி அனுப்பும் அந்த வரிகளால்தான் தூரத்து இலக்கு தப்பாது. கிளர்ச்சி அடங்கியதும், இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858இல் ஒரு தனி மாதிரி வந்தது. வெளியே பார்த்தால் அச்சு அசல் என்ஃபீல்டு. உள்ளே வழவழப்பான வெறும் குழல். வெள்ளைக்காரன் துப்பாக்கி தூரம் போகும், சிப்பாயின் துப்பாக்கி போகாது. 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இன்னொரு கதவைச் சாத்தியது. இந்தியர் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டாம். குடகர்களுக்கு விலக்கு கிடைத்தது, இன்றும் தொடர்கிறது.

இதற்கிடையில் ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் குடியேறிய ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் ஒரு விஷயத்தில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு ரவை போட்டுச் சுடாமல், போல்ட்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி வைத்து, ஸ்பிரிங்கால் ரவைகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளினால் என்ன? 1879இல் காப்புரிமை வாங்கினார். துப்பாக்கியைச் செய்து கொடுக்க ஒப்புக்கொண்ட ஷார்ப்ஸ் கம்பெனி கொஞ்ச நாளில் மூடப்பட்டது. ரெமிங்டனுக்குப் போனார். அமெரிக்கத் தரைப்படை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டது பிரிட்டன். 1888இல் லீயின் பெட்டியையும் போல்ட்டையும் எடுத்து, வில்லியம் மெட்ஃபோர்டு வகுத்த ஆழமில்லாத திருகுவரிக் குழலோடு சேர்த்து 0.303 ரைபிளை ஏற்றுக்கொண்டது.

மெட்ஃபோர்டின் வரிகளைக் கெடுத்தது ஒரு புது வெடிமருந்து. நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் வாசலினையும் அசிட்டோன் விட்டுப் பிசைந்து, துளைகள் வழியே இடியாப்பம் பிழிவதுபோலப் பிழிந்து எடுத்தார்கள். அதுதான் கார்டைட். புகை இல்லை, சக்தி அதிகம். ஆனால் சூடும் அதிகம். கறுப்பு மருந்துக்காக வகுத்த மெட்ஃபோர்டின் மெல்லிய வரிகள் அந்தச் சூட்டில் சீக்கிரமே தேய்ந்துபோயின. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசுத் தொழிற்சாலை ஆழமான ஐந்து வரிகளை வெட்டிக் கொடுத்தது. 1895இல் ‘லீ மெட்ஃபோர்டு’ போய் ‘லீ என்ஃபீல்டு’ வந்தது. அதே கார்டைட்டை இந்தியாவிலேயே தயாரிக்கக் குளிர்ந்த நீலகிரி மலையில் இடம் பார்த்தார்கள். குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கார்டைட் ஆலை இன்றும் ஓடுகிறது. ஊட்டி ரயிலில் போகிறவர்கள் அருவங்காடு ஸ்டேஷனைக் கடந்துதான் போகிறார்கள்.

கல்கத்தாவை ஒட்டிய டம்டம் ஆயுதச் சாலை இந்தக் கதைக்கு ஒரு கெட்ட பெயரைச் சேர்த்தது. வடமேற்கு எல்லைப் போர்களில் 0.303 ரவை ஆளைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுகிறது, ஆள் விழுவதில்லை என்று அதிகாரிகள் குறைப்பட்டார்கள். 1890களின் நடுவில் டம்டம்மில் கேப்டன் பெர்ட்டி கிளே, குண்டின் நுனியில் உலோகப் பூச்சை விட்டுவிட்டு ஈயம் தெரியும்படி செய்தார். உடலில் பட்டதும் நுனி விரிந்து பெரிய காயமாக்கியது. 1899இல் ஹேக் மாநாடு, விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. வேட்டையில் நியாயம் தலைகீழ். மிருகம் காயத்தோடு ஓடித் துடிக்கக் கூடாது, உடனே விழ வேண்டும். அதனால் வேட்டைக்காரர்கள் விரியும் நுனியைத்தான் தேடுகிறார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில், முழுதும் உலோகம் போர்த்திய ராணுவ ரவையால் மானைச் சுடுவதுதான் குற்றம். ராணுவத் துப்பாக்கியை வாங்கலாம், அதன் ராணுவ ரவையை மட்டும் காட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

கம்பெனி காலத்து வெடிமருந்து ஆலை இருந்த இஷாப்பூரில், ஹூக்ளிக் கரையில், 1904இல் ரைபிள் தொழிற்சாலை தொடங்கியது. குதிரைப்படைக்கு ஒரு நீளம், காலாட்படைக்கு ஒரு நீளம் என்பதை விட்டு, எல்லோருக்கும் பொதுவாகக் குட்டையாக்கிய லீ என்ஃபீல்டு அப்போதுதான் வந்திருந்தது. 1907இல் அதன் மூன்றாம் வடிவம். பத்து ரவை கொள்ளும் பெட்டி, வழுக்கிக்கொண்டு போகும் போல்ட். இரண்டு உலகப் போர்களையும் அதன் வம்சம் கண்டது.

வெள்ளைக்கார வேட்டைக்காரர்களுக்கு அரசின் பயம் வேறு விதத்தில் தொல்லை கொடுத்தது. கலகக்காரர்களிடம் இருக்கும் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளுக்கு 0.450 ரவை எங்கிருந்தாவது கிடைத்துவிடக் கூடாது. அதனால் 1900களின் முதல் பத்தாண்டில் இந்தியாவுக்குள் 0.450 துப்பாக்கிகளும் ரவைகளும் வரக் கூடாது என்று தடை. 0.303க்கும் பொதுமக்கள் கையில் இடமில்லை. புலிக்கும் யானைக்கும் 0.450ஐ நம்பியிருந்த லண்டன் துப்பாக்கிக் கடைக்காரர்கள் திகைத்துப்போனார்கள். சந்தை போய்விடுமே. உட்கார்ந்து கணக்குப் போட்டு, கொஞ்சம் தள்ளி 0.465, 0.470, 0.475 என்று புதுப்புது அளவுகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் 0.470 ஆப்பிரிக்காவில் யானை வேட்டையின் பெயரோடே ஒட்டிக்கொண்டது. அங்கே அதைத் தோளில் சுமந்தவர்களில் எத்தனை பேருக்கு அது இந்தியச் சுங்கச் சாவடியில் போட்ட தடையின் குழந்தை என்று தெரிந்திருக்கும்!

0.303க்கு மாற்றாக வந்த கதை இன்னும் சுவை. பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. கம்பெனிக்கு லீயின் போல்ட்டைச் செய்யத் தெரியும், ஆனால் ராணுவ ரவையைப் போடக் கூடாது. ஆஸ்திரிய ராணுவத்தின் மான்லிச்சர் துப்பாக்கிக்கென்று ஒரு எட்டு மில்லிமீட்டர் ரவை இருந்தது. இந்தியாவில் எந்தப் படையிடமும் அந்த அளவு இல்லை. திருடினாலும் படைத் துப்பாக்கியில் போட முடியாது, படை ரவையை இதில் போட முடியாது. ஆங்கில அளவில் அதற்கு 0.315 என்று பெயர் வைத்து விற்றார்கள். பின்னாளில் ஆஸ்திரியா அந்த ரவையை மறந்தது. இஷாப்பூர் மறக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் லீயின் போல்ட், ஐந்து ரவைப் பெட்டி, 0.315 குழல் என்று பொதுமக்களுக்கான ‘ஸ்போர்ட்டிங் ரைபிள்’ அங்கிருந்து வந்துகொண்டே இருக்கிறது. புனேவின் கட்கி தொழிற்சாலை ரவையை அடித்துத் தருகிறது. வட இந்தியக் கிராமத்துப் பெரிய வீடுகளில் சுவரில் தொங்கும் ரைபிளும், நம் மலைத் தோட்டக்காரர்களின் பெட்டியில் இருக்கும் ரைபிளும் பெரும்பாலும் இதுதான்.

பேர் பெற்ற வேட்டைக்காரர்களும் இதே சுற்றில் சிக்கியவர்கள்தான். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907இல் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த 0.275 ரிக்பி துப்பாக்கியின் ரவை, தென்னாப்பிரிக்காவின் போயர்கள் சில ஆண்டுகளுக்கு முன் பிரிட்டிஷாரையே சுட்ட ஏழு மில்லிமீட்டர் மவுசர் ரவைதான். எதிரியின் ரவைக்கு ஆங்கிலப் பெயர் சூட்டினால் போதும், கௌரவம் வந்துவிடும். ஜவ்வாது மலை, தர்மபுரி, சேலம் காடுகளில் சுற்றிய பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது அமெரிக்க 0.405 வின்செஸ்டர். தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போனதும் அதே வகை.

தடை இருக்கும் இடத்தில் நகல் இருக்கும். கைபர் கணவாய்க்கு அருகே தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில் கொல்லர்கள் கையரத்தால் லீ என்ஃபீல்டை அப்படியே ராவி எடுத்தார்கள். முத்திரை முதற்கொண்டு நகல். ஆனால் ஆங்கிலம் தெரியாத கை, எழுத்தைப் படமாகத்தான் பார்க்கும். ஆங்கில ‘என்’ இடவலமாகத் திரும்பி நிற்கும். என்ஃபீல்டின் எழுத்துக்கூட்டல் தப்பும். 1901இல் இறந்துபோன விக்டோரியா ராணியின் ‘வி.ஆர்.’ முத்திரை 1910களின் ஆண்டோடு சேர்ந்து நிற்கும். 2021 வரை ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய சிப்பாய்களிடம் இந்த நகல்கள் தலைகாட்டின, ஏலக் கடைகளில் இன்றும் தலைகாட்டுகின்றன. இரும்பின் தரம் யாருக்கும் தெரியாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் அவற்றைச் சுவரில் மாட்டுவார்கள், சுட மாட்டார்கள்.

இஷாப்பூரே ஒரு நகல் செய்தது, அதுவும் தன் துப்பாக்கியைத் தானே ஊனமாக்கி. போலீஸுக்கும் சிறைக் காவலர்களுக்கும் 0.410 மஸ்கட். த்ரீ நாட் த்ரீயின் உருவம், வழவழ குழல், ரவைப் பெட்டி இருக்கும் இடத்தில் மரக்கட்டை. ஒவ்வொரு ரவையாகத்தான் போட வேண்டும். 1858இன் தந்திரம் எழுபது ஆண்டு கழித்து மறுபடி. அந்த மஸ்கட்களில் ஏராளம் பின்னாளில் அமெரிக்காவுக்குப் போய், அங்கே தோட்டத்தில் அணில் சுடும் குட்டித் துப்பாக்கியாக விலைபோயின.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் உலகமே பழைய துப்பாக்கிக் கிடங்கானது. லீ என்ஃபீல்டு மட்டுமே ஒரு கோடிக்கும் மேல். 1953இல் சாமுவேல் கம்மிங்ஸ் என்ற அமெரிக்கர் இன்டர்ஆர்ம்ஸ் கம்பெனி தொடங்கி, நாடு நாடாகப் போய்ப் பழைய ஆயுதங்களை மொத்தமாக அள்ளினார். விர்ஜீனியாவில் அலெக்ஸாண்ட்ரியா ஆற்றங்கரைக் கிடங்குகள் நிரம்பின. போரிலிருந்து திரும்பிய அமெரிக்கருக்கு நல்ல மான் துப்பாக்கி புதிதாக வாங்கப் பணம் இடித்தது, பழைய ராணுவ ரைபிள் மளிகைச் செலவில் அடங்கியது. வாங்கியதும் முன்பக்க மரத்தை அறுத்து எடை குறைப்பார்கள், பயனெட் கொக்கியை ராவுவார்கள், லென்ஸ் பொருத்துவார்கள். அப்படி அறுபட்டவற்றுக்கு இன்று மதிப்பில்லை. அறுபடாமல் தப்பியவற்றைச் சேகரிப்பாளர்கள் பல மடங்கு விலைக்குத் தேடுகிறார்கள்.

அந்தச் சந்தையை மூடியதும் ஒரு பழைய ராணுவ ரைபிள்தான். 1963 மார்ச்சில் லீ ஹார்வி ஆஸ்வால்டு பொய்ப் பெயரில், தபாலில், லென்ஸோடு 19 டாலர் 95 சென்டுக்கு ஓர் இத்தாலிய ராணுவத் துப்பாக்கியை வரவழைத்தார். நவம்பரில் அமெரிக்க அதிபர் கென்னடி அதனால் சுடப்பட்டார். 1968இன் சட்டம் தபால் வியாபாரத்தையும் வெளிநாட்டு ராணுவப் பழைய சரக்கு இறக்குமதியையும் நிறுத்தியது.

இந்தியாவில் அதே ஆண்டுகளில் வேறொரு அதிர்ச்சி. 1962இல் சீனாவோடு மலை உச்சியில் மோதிய நம் வீரர்களில் பெரும்பாலோர் கையில் த்ரீ நாட் த்ரீ. புதிய தானியங்கித் துப்பாக்கி போதுமான அளவு வர நாளாகும். இடைக்கால ஏற்பாடாக இஷாப்பூர் அதே பழைய உடலை வலுவான எஃகில் செய்து, நேட்டோவின் 7.62 ரவைக்கு ஏற்பக் குழலையும் சதுரமான பெட்டியையும் மாற்றியது. ‘2ஏ’, பிறகு குறிபார்க்கும் அளவை 800 மீட்டரோடு நிறுத்திய ‘2ஏ1’. ஒரு நாட்டின் முறையான படைக்கென்று போல்ட் இழுக்கும் ரைபிளை இவ்வளவு தாமதமாகப் புதிதாக வடிவமைத்தவர்கள் மிகக் குறைவு. 1980களின் நடுவில் அமெரிக்க இறக்குமதித் தடை தளர்ந்ததும் இவை கப்பலேறின. கிடைப்பதற்கு எளிதான ரவை, மலிவு விலை. அமெரிக்க மான் காடுகளில் வங்காளத்து ரைபிளின் சத்தம் கேட்கத் தொடங்கியது.

அங்கே கடை மேசையில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும் இஷாப்பூர் ரைபிளை விவரமானவர் எப்படிப் பார்க்கிறார்? முதலில் அடிக்கட்டை இரும்போடு சேரும் வளையம். கிரீடமும் ‘ஜி.ஆர்.ஐ.’ எழுத்தும் இருந்தால் ஜார்ஜ் மன்னர் காலம், அசோகச் சிங்கம் இருந்தால் குடியரசுக் காலம். பக்கத்தில் ஆண்டு. அடுத்து, ரவைப் பெட்டிக்கு முன்னால் மரத்தின் குறுக்கே ஓடும் ஒரு திருகாணி. சுட்ட அதிர்ச்சியில் மரம் பிளக்கக் கூடாதென்று இந்தியத் தொழிற்சாலை போட்ட காப்பு அது. அதைக் கண்டால் ஊர் தெரிந்துவிடும். போல்ட்டின் கைப்பிடியில் வெட்டிய எண்ணும் உடலின் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பார். பொருந்தாவிட்டால் ரவைக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இடைவெளி கூடியிருக்கலாம். அளவுகோல் கொண்டு சோதிக்காமல் சுட்டால் ரவையின் பித்தளை உடைந்து சூடான வாயு முகத்தில் அடிக்கும்.

பிறகு குழலின் முனை. ஒரு ரவையின் குண்டு நுனியை முனைக்குள் விட்டுப் பார்ப்பார். பித்தளை விளிம்பு வரை உள்ளே போய்விட்டால் முனை தேய்ந்திருக்கிறது. தேய்த்தது பெரும்பாலும் சுட்ட ரவைகள் அல்ல, துடைத்த கயிறு. சிப்பாய் நாள்தோறும் துணி கட்டிய கயிற்றைக் குழலுக்குள் விட்டு இழுப்பான். கயிறு கோணலாக உரசிய பக்கம் வட்டம் முட்டையாகிவிடும், குறி தவறும். ஒழுங்காகத் துடைத்த சிப்பாயின் துப்பாக்கிதான் அதிகம் தேய்ந்திருக்கும் என்பது ஒரு வேடிக்கை. துடைக்காதவனுடையது வேறு விதத்தில் கெடும். பழைய ரவையின் பற்றவைக்கும் மருந்து எரிந்தால் உப்பு படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துரு பிடிக்க வைக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. கொதிக்கும் தண்ணீரை ஊற்றித்தான் கழுவ வேண்டும். நம் மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் ஊற்றப்படாத துப்பாக்கிகளின் குழலுக்குள் விளக்கடித்தால் கரிய குழிகள் வரிசையாகத் தெரியும்.

கவாத்துக்காக ஒதுக்கியவற்றில் ‘டி.பி.’ முத்திரை இருக்கும், சிலவற்றில் குழலில் துளையே போட்டிருப்பார்கள். நம் என்.சி.சி. தோள்கள் சுமந்த வகை அது. தோளுக்குத்தான், சுடுவதற்கு ஆகாது. முன்மரத்தில் செம்புக் கம்பி இறுகச் சுற்றியிருந்தால் அது கையெறி குண்டு வீசப் பயன்பட்டது. எத்தனை அதிர்ச்சி வாங்கியதோ, வேட்டைக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார்கள். இவ்வளவும் தேறினால், கடைசியில் விரியும் நுனி ரவை ஒரு பெட்டி.

எல்லாரைவிடவும் நீண்ட நாள் இந்தத் துப்பாக்கியை நம்பியவர்கள் கனடாவின் வடகோடி ரேஞ்சர்கள். 1947 முதல், பனிப்பிரதேசத்துப் பூர்வகுடியினர் பலர் அடங்கிய அந்தத் துணைப்படைக்கு லீ என்ஃபீல்டின் நான்காம் வகை கொடுக்கப்பட்டது. நாட்டைக் காக்கவும் பனிக்கரடியிடமிருந்து தப்பவும் சாப்பாட்டுக்கு வேட்டையாடவும் ஒரே ரைபிள். நவீன துப்பாக்கிகளின் எண்ணெய் உறைந்துபோகும் குளிரிலும் தளர்வான அதன் போல்ட் நகர்ந்தது. 2010களின் இறுதியில்தான் பின்லாந்து வடிவமைப்பில் புது ரைபிள் வந்தது. பழையதைத் திருப்பி வாங்காமல் அவர்களிடமே விட்டுவிட்டார்கள்.

இங்கே அப்படி விடவில்லை. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்பில் த்ரீ நாட் த்ரீக்கு முறையாக விடை கொடுத்தது. 1945 முதல் சுமந்த ஆயுதம், இன்சாஸ், எஸ்.எல்.ஆர். ரைபிள்களுக்கு வழி விட்டது. பொதுமக்களுக்கு அதிலிருந்து ஒன்றும் விற்கவில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் 0.303, 7.62 ராணுவ ரவையை ஏற்கும் ரைபிள் எல்லாம் தடை செய்யப்பட்ட ‘போர்’, அதாவது குழல் அளவு. வெள்ளைக்காரன் போனாலும் அவன் வைத்த கோடு போகவில்லை. வேட்டையே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்தது. மிஞ்சியிருப்பது பயிர்க் காவலும் தற்காப்பும் போட்டி விளையாட்டும்தான். 2019 திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கி வைக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தது.

காட்டுப்பன்றி மட்டும் இந்தக் கதையை முடிய விடவில்லை. கேரளம் 2022இல் ஊராட்சித் தலைவர்களுக்குப் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் கொடுத்ததும், லைசென்ஸ் வைத்திருக்கும் முதியவர்களுக்குத் திடீரென்று மவுசு வந்தது. தமிழ்நாடு 2025 தொடக்கத்தில் வேறு வழி எடுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறைக்காரர்தான். துப்பாக்கி யார் கையில் என்ற கேள்விக்கு இன்றும் ஒரு மாநிலம் ஒரு பதில் சொல்கிறது, அடுத்த மாநிலம் இன்னொன்று சொல்கிறது.

இதற்கெல்லாம் பிறகும் சென்னையில் ஒருவர் லைசென்ஸோடு பழைய ரைபிள் வாங்கப் போனால், கைக்கு வருவது அநேகமாக 0.315 இஷாப்பூர்தான். ஸ்காட்லாந்துக்காரரின் போல்ட், ஆஸ்திரியாவின் ரவை, வங்காளத்து எஃகு. அமெரிக்கர் பார்ப்பதுபோல இவரும் குழல் முனையில் ரவை நுனியை விட்டுப் பார்க்கலாம், போல்ட் எண்ணை ஒப்பிடலாம், விளக்கடித்துத் துரு தேடலாம். கூடவே விற்பவரின் லைசென்ஸ், தன் லைசென்ஸ், அதில் எழுதியிருக்கும் போர், துப்பாக்கியில் வெட்டியிருக்கும் எண் நான்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். குழல் தேய்ந்திருந்தால் நஷ்டம் பணத்தோடு போகும். காகிதம் தவறினால் துப்பாக்கி கோர்ட்டுக்கும் வாங்கியவர் ஜெயிலுக்கும் போக வேண்டிவரும். ஆகவே இந்த நாட்டில் பழைய துப்பாக்கி பார்க்கப் போகிறவர் விளக்கைப் பையில் வைத்துவிட்டு, முதலில் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்வது நல்லது.